ஒட்டுவதற்கு முன் வெர்ஷன் பாருங்கள்!

ஒரு பிரின்டர் வாங்குகிறோம். அதற்கான டிரைவரை இணையத்திலிருந்து டவுன்லோடு செய்கிறோம். இன்ஸ்டால் செய்வதற்கு முன் முதலில் எதைப் பார்ப்போம்? வெர்ஷன் எண்ணை. நம் பிரின்டரின் மாடல் இதுதானா, நம் விண்டோஸுக்கு இது பொருந்துமா என்று பார்த்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுவோம். தவறிப்போய் வேறு டிரைவரைப் போட்டுவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போடலாம்.

சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் எனக்கு இது புதிய பாடம் இல்லை. ஆனால் அன்இன்ஸ்டால் வசதி இல்லாத ஒரு பொருளில் இதே தவறைச் செய்து, முழுதாக மூன்று வாரம் வீணான பிறகுதான் அந்தப் பாடம் எனக்கு உண்மையிலேயே புரிந்தது. அந்தப் பொருள், இரண்டாம் உலகப் போரில் பறந்த ஜப்பானின் 'ஸீரோ' போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட்.

நாள் முழுவதும் மானிட்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் மானிட்டரைப் பார்க்காமல் இருக்க ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று தேடினேன். பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக் பாகங்கள் இருக்கும். அவற்றை வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் நிஜ விமானத்தின் சிறிய வடிவம் கிடைக்கும். எத்தனையோ விமானங்கள் கிடைக்கும்போது நான் ஸீரோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் பாட்டி.

1942-இல் பாட்டிக்கு ஆறு வயது. திருவல்லிக்கேணியில் குடியிருந்தார்கள். "கொழும்புல ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டான், அடுத்தது மதராஸ்தான்னு ஊரே பேசுச்சு. அப்பா வீட்டைப் பூட்டிட்டு எங்க எல்லாரையும் ரயில் ஏத்தி மன்னார்குடிப் பக்கம் அனுப்பிட்டார்" என்று நூறு முறையாவது சொல்லியிருப்பார். அந்தக் கொழும்புக்கு வந்த விமானத்தைச் செய்து பாட்டியிடம் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

'ஸீரோ' என்று பெட்டியில் போட்டிருந்ததைப் பார்த்தேன், வாங்கினேன், செய்தேன். நன்றாகவே வந்தது. பாட்டியின் மடியில் வைத்தபோது, "இதுதான் கொழும்புக்கு வந்துச்சா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தயங்கினேன். ஏனென்றால், முந்தைய நாள் இரவுதான் பெட்டியின் ஓரத்தில் இருந்த எண்ணைக் கவனித்திருந்தேன். அது மாடல் 52. அந்த வெர்ஷன் வந்ததே 1943-இல்தான். கொழும்புக்குப் போனது மாடல் 21.

'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். பாட்டி ஸ்கேலை எடுத்து அளக்கப் போவதில்லை. ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியவரிடம் தவறான விமானத்தைக் காட்டி 'இதுதான்' என்று சொல்ல மனம் வரவில்லை. "இல்ல பாட்டி, இது அதோட தம்பி. அடுத்த வருஷம் வந்தது" என்றேன்.

"அப்போ வந்ததைப் பண்ணு" என்றார் பாட்டி.

இப்படித்தான் இரண்டாவது கிட் ஆரம்பமானது. இந்த முறை ஒட்டுவதற்கு முன் படித்தேன். படித்ததில் கம்ப்யூட்டர் வாசகர்களுக்குப் பிடிக்கும் விஷயங்கள் நிறைய இருந்தன.

ஸீரோ என்ற பெயர் எப்படி வந்தது?

2000-ஆம் ஆண்டு பிறந்தபோது உலகத்தையே பயமுறுத்திய ஒய்2கே பிரச்சினை நினைவிருக்கிறதா? ஆண்டை இரண்டு இலக்கத்தில் மட்டும் எழுதியதால் வந்த தலைவலி அது. ஜப்பானில் அதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு '00' வந்துவிட்டது!

ஜப்பானியர்கள் அப்போது தங்கள் முதல் பேரரசரின் காலத்திலிருந்து எண்ணும் ஓர் ஆண்டுக் கணக்கையும் பயன்படுத்தினார்கள். அதன்படி 1940 என்பது 2600. ஒரு விமானம் படையில் சேர்க்கப்பட்ட ஆண்டின் கடைசி இலக்கங்களே அதன் 'டைப்' எண். 1937-இல் (2597) வந்தது டைப் 97, 1939-இல் (2599) வந்தது டைப் 99. 1940-இல் வந்த போர் விமானத்துக்கு டைப் 0. அதுவே 'ஸீரோ'. கொழும்பைத் தாக்கிய படையில் டைப் 97, டைப் 99, டைப் 0 மூன்றும் இருந்தன. 97, 99, 0 என்று வரிசைப்படுத்தினால் எது புதியது, எது பழையது என்று ஒரு புரோகிராமே குழம்பிவிடும்!

மாடல் எண்ணைப் படிப்பது எப்படி?

என்னை ஏமாற்றிய எண்ணுக்கு வருவோம். மாடல் 21 என்பதை 'இருபத்தொன்று' என்று படிக்கக் கூடாது. 'இரண்டு-ஒன்று' என்று படிக்க வேண்டும். முதல் இலக்கம் விமானத்தின் உடலமைப்பு வெர்ஷன். இரண்டாவது இலக்கம் எஞ்சின் வெர்ஷன். நம் சாஃப்ட்வேரில் 2.1 என்று எழுதுவதைப் போலத்தான்.

மாடல் 11: முதல் உடல், முதல் எஞ்சின். இறக்கையின் நீளம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 12 மீட்டர்.

மாடல் 21: எஞ்சின் அதேதான். கப்பலின் லிஃப்டில் இடிக்காமல் இருப்பதற்காக இறக்கையின் இரு முனைகளும் தலா அரை மீட்டர் மேல்நோக்கி மடங்கும். உடல் மாறியதால் 1 என்பது 2 ஆனது.

மாடல் 32: 1942-இல் வந்தது. மடங்கும் முனைகளையே எடுத்துவிட்டார்கள். இறக்கை 11 மீட்டர், முனை சதுரமாக இருக்கும். எஞ்சினும் புதியது. இரண்டு இலக்கமும் மாறின.

மாடல் 22: இது 32-க்குப் பிறகு வந்தது! புதிய எஞ்சினை வைத்துக்கொண்டு பழைய 12 மீட்டர் இறக்கைக்கே திரும்பினார்கள். அதனால் உடல் எண் மீண்டும் 2. எண் குறைந்திருக்கிறதே, பழைய மாடலோ என்று நினைத்துவிடாதீர்கள்.

மாடல் 52: 1943. இறக்கை 11 மீட்டர், முனை உருண்டையாக இருக்கும். எஞ்சின் மூடியை ஒட்டித் தனித்தனிப் புகைக்குழாய்கள் வரிசையாகத் தெரியும்.

சில பெட்டிகளில் ஏ6எம்2, ஏ6எம்5 என்று போட்டிருக்கும். ஏ என்றால் விமானம் தாங்கிக் கப்பலில் இயங்கும் போர் விமானம். 6 என்றால் அந்த வரிசையில் ஆறாவது வடிவமைப்பு. எம் என்றால் மிட்சுபிஷி. கடைசி எண் வெர்ஷன். மாடல் 11-ம் 21-ம் ஏ6எம்2. மாடல் 32-ம் 22-ம் ஏ6எம்3. மாடல் 52 என்றால் ஏ6எம்5. கிட் வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், இந்த எண்ணைப் பாருங்கள்.

கொழும்பு, 5 ஏப்ரல் 1942

அன்று ஈஸ்டர் ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் தலைமையில் அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, ஸுய்காகு ஆகிய ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்கள் இலங்கைக்குத் தெற்கே வந்திருந்தன. காலையில் அவற்றிலிருந்து புறப்பட்ட குண்டுவீச்சு விமானங்களுக்குப் பாதுகாப்பாக 36 ஸீரோக்கள் வந்தன. எதிர்த்துப் பறந்த பிரிட்டனின் ஹரிக்கேன் விமானங்களில் பத்துக்கும் மேற்பட்டவை வீழ்ந்தன. மறுநாள் வேறொரு ஜப்பானியக் கப்பல் பிரிவின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. பிரிட்டனின் ஹெர்மிஸ் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

அந்த வாரத்தில்தான் மதராஸ் காலியாகத் தொடங்கியது. அரசு அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்தால் கூண்டுகளிலிருந்து தப்பிவிடும் என்று மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் நகுமோவின் கப்பல்கள் மதராஸுக்கு வரவில்லை, கிழக்கே திரும்பிப் போய்விட்டன. பாட்டியின் குடும்பமும் சில மாதங்கள் கழித்துத் திருவல்லிக்கேணிக்குத் திரும்பியது.

72-ஆல் வகுக்கவும்

கிட் பெட்டியில் 1/72 என்று போட்டிருந்தால், நிஜத்தின் 72 மி.மீ. மாடலில் 1 மி.மீ. என்று பொருள். அடி, அங்குலக் கணக்கில் 6 அடிக்கு 1 அங்குலம். ஆறடி உயர மனிதர் ஓர் அங்குலம் ஆகிவிடுவார். 1936-இல் பிரிட்டனில் வந்த 'ஃப்ராக் பென்குயின்' கிட்களும் இந்த அளவில்தான் இருந்தன.

எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு சிறிய ஷீட் போட்டுக்கொள்ளுங்கள். முதல் காலத்தில் நிஜ அளவு மி.மீ.யில், இரண்டாவதில் 72, மூன்றாவதில் முதலாவதை இரண்டாவதால் வகுக்கும் ஃபார்முலா. மாடல் 21-இன் இறக்கை 12,000 மி.மீ. அதாவது கிட்டில் 166.7 மி.மீ. மாடல் 52-இன் இறக்கை 11,000 மி.மீ. அதாவது 152.8 மி.மீ. வித்தியாசம் சுமார் 14 மி.மீ. நம் சுண்டுவிரல் அகலம். முதல் கிட்டை ஒட்டுவதற்கு முன் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்திருந்தாலே என் தவறு தெரிந்திருக்கும்.

அதே ஷீட்டில் தலைகீழாகவும் கணக்குப் போடலாம். நாம் அடிக்கும் பெயின்ட் 0.1 மி.மீ. கனமாக இருந்தால், நிஜ விமானத்தில் அது 7.2 மி.மீ. கனம்! சுவருக்குப் பூசும் சிமென்ட் பூச்சு மாதிரி ஆகிவிடும். அதனால்தான் பெயின்டை நீர்த்த பதத்தில், மெல்லிய பல பூச்சுகளாக அடிக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு கம்ப்யூட்டர் உதவி. விமானத்தின் வரைபடத்தை கிட் அளவிலேயே பிரின்ட் எடுத்து, பாகங்களை அதன் மேல் வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் பிரின்ட் செய்யும்போது 'ஃபிட் டு பேஜ்' என்று இருந்தால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு அளவைச் சுருக்கிவிடும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று தேர்ந்தெடுங்கள். வரைபடத்தின் ஓரத்தில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்து, பிரின்ட் வந்ததும் அதை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 97 மி.மீ. வந்தால் அந்தத் தாள் குப்பைக்கூடைக்கு!

அன்டூ இல்லாத வேலை

கிட் பாகங்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. உருக்கிய பிளாஸ்டிக்கை இரும்பு அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தி வார்க்கிறார்கள். முன்பு மரத்தில் பெரிதாக ஒரு மாதிரி செய்து, அதை இயந்திரத்தால் சிறிதாக்கி அச்சு வெட்டினார்கள். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து, கம்ப்யூட்டரால் இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தில் அச்சு வெட்டுகிறார்கள். அதனால்தான் இப்போது வரும் கிட்களில் பாகங்கள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன.

இதற்கான பசை சாதாரணப் பசை இல்லை. பிளாஸ்டிக்கின் இரு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக உருக்கிவிடும். காய்ந்த பிறகு அங்கே இரண்டு பாகங்கள் இல்லை, ஒரே பாகம்தான். கன்ட்ரோல்-இஸட் எத்தனை முறை அழுத்தினாலும் பிரியாது. எனவே சில பழக்கங்கள் தேவை.

முதலில் விளக்கத்தாளை ஆரம்பம் முதல் முடிவு வரை படியுங்கள். ஐந்தாவது படியில் ஒட்ட வேண்டியதை மூன்றாவது படியிலேயே பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

பாகங்களைக் கையால் முறுக்கிப் பிய்க்காதீர்கள். நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி, நைஸான உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

பசை போடாமல் முதலில் பொருத்திப் பாருங்கள். இதுதான் நம் 'டெஸ்ட் ரன்'. இடைவெளி தெரிந்தால் எங்கே தட்டுகிறது என்று பார்த்துத் தேயுங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உடலை ஒட்டி மூடிய பிறகு உள்ளே எதை எப்படி வைத்தோம் என்பதற்கு அதுதான் பேக்கப்.

கண்ணாடி மூடியை ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி பாகம் வெள்ளையாகப் பனி படர்ந்துவிடும். என் முதல் விமானத்துக்கு அதுவும் நடந்தது. காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையே போதும், காய்ந்ததும் தெரியாது.

சின்னங்கள் தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் டெக்கால்களாக வரும். சொரசொரப்பான பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மினுங்கும். முதலில் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துவிட்டு ஒட்டுங்கள்.

பசையும் பெயின்டும் நெடி உள்ளவை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். கத்தியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

என்ன நிறம்?

1942-இன் ஸீரோ சாம்பல் நிறம். ஆனால் எந்தச் சாம்பல்? புகைப்படத்தைத் திறந்து, நிறத்தை உறிஞ்சும் டூலால் எடுத்தால் போதாதா என்று நானும் நினைத்தேன். மூன்று படங்களில் மூன்று விதமான எண்கள் வந்தன. அந்தக் காலப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. சில வகை ஃபிலிம்களில் சிவப்பு நிறம் கறுப்பாகவே பதியும். கிடைத்திருக்கும் விமானத் துண்டுகளோ வெயிலிலும் மண்ணிலும் கிடந்து நிறம் மாறியவை. போதாததற்கு, நம் மானிட்டரும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றிக் காட்டும். மஞ்சளும் பச்சையும் லேசாகக் கலந்த சாம்பல் என்பது பலரும் ஏற்றுக்கொள்ளும் முடிவு. நானும் அதையே அடித்தேன்.

இதிலும் ஒரு வெர்ஷன் பிரச்சினை உண்டு. மாடல் 21-ஐ மிட்சுபிஷி மட்டுமல்ல, நகாஜிமா நிறுவனமும் தயாரித்தது. நகாஜிமா தயாரிப்பில் உடலின் பக்கவாட்டுச் சிவப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். மிட்சுபிஷி தயாரிப்பில் இருக்காது. நான் செய்தது அகாகி கப்பலின் விமானம். வால் பக்கம் ஒரே ஒரு சிவப்புப் பட்டை, வட்டத்துக்கு வெள்ளை வளையம் கிடையாது.

இருக்கைக்குப் பின்னால் என்ன?

கிட்டில் நான் மிக அதிக நேரம் செலவிட்டது விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு பாகத்தில். விமானியின் இருக்கை. அதில் வட்ட வட்டமாக ஓட்டைகள். எடையைக் குறைப்பதற்காக நிஜ இருக்கையிலேயே அப்படி வெட்டியிருந்தார்கள்.

ஏன் அவ்வளவு கஞ்சத்தனம்? 1937-இல் ஜப்பான் கடற்படை கொடுத்த தேவைப் பட்டியலைப் பார்த்தால் புரியும். மணிக்கு 500 கி.மீ. வேகம் வேண்டும், இரண்டு 20 மி.மீ. பீரங்கிகள் வேண்டும், ஆறு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும், பழைய விமானத்தைப் போலவே சட்டென்று திரும்பவும் வேண்டும். கையில் இருந்த எஞ்சினோ ஆயிரம் குதிரைத் திறனுக்கும் குறைவு. முடியாது என்று நகாஜிமா விலகிக்கொண்டது. மிட்சுபிஷியின் ஜிரோ ஹொரிகோஷி ஒப்புக்கொண்டார். (பிறகு மிட்சுபிஷியைவிட அதிகமான ஸீரோக்களைத் தயாரித்தது நகாஜிமாதான்!) தயாரான முதல் விமானத்தை நகோயா தொழிற்சாலையிலிருந்து விமானத் தளத்துக்கு மாட்டு வண்டியில்தான் கொண்டு போனார்கள். 1939 ஏப்ரல் 1 அன்று அது பறந்தது.

பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் ஹொரிகோஷி கொடுத்தார். ஆனால் பட்டியலில் இல்லாதது ஒன்று உண்டு. விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு இல்லை. குண்டு பட்டால் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டேங்க் இல்லை. கொழும்பில் வென்ற விமானம், பின்னாளில் சில குண்டுகள் பட்டதுமே தீப்பற்றியது. மாடல் 52-இன் பிற்கால உட்பிரிவுகளில்தான் கவசம் வந்தது. அதற்குள் அனுபவமுள்ள விமானிகள் பலர் இறந்திருந்தார்கள்.

எங்கள் வேலையிலும் வாடிக்கையாளர் தேவைப் பட்டியல் தருவார். வேகம் வேண்டும், வசதி வேண்டும் என்று எழுதுவார். 'இதைப் பயன்படுத்துகிறவர் பத்திரமாக இருக்க வேண்டும்' என்று எழுத மறந்திருப்பார். அதைக் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான். இந்த ஓட்டை இருக்கையை ஒட்டிய பிறகு, அந்த ஒரு வரி இல்லாத பட்டியலை என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.

இரண்டாவது விமானம் முடிய ஏழு வாரம் ஆனது. பாட்டியிடம் கொண்டு போனேன். கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு சின்னதுக்கா வீட்டைப் பூட்டிட்டு ஓடினோம்?" என்று சிரித்தார். பிறகு கண்ணாடி மூடியைக் காட்டி, "உள்ளே எத்தனை பேர்?" என்றார்.

"ஒருத்தர்தான் பாட்டி."

"என்ன வயசு இருக்கும் அவனுக்கு?"

"இருபது, இருபத்தஞ்சு இருக்கும்."

"உன்னைவிடச் சின்னவன்" என்றார் பாட்டி. விமானத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. இப்போது அது அவர் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில், மருந்து டப்பாவுக்கு அருகில் நிற்கிறது. மாடல் 52 என் கம்ப்யூட்டர் மேஜையில், மானிட்டருக்குக் கீழே. அதன் கண்ணாடியில் இன்னும் பனி படர்ந்திருக்கிறது.

நீங்களும் ஒரு கிட் வாங்கிப் பாருங்கள். 1/72 அளவில், பாகங்கள் குறைவான ஒற்றை எஞ்சின் விமானமாகத் தொடங்குங்கள். எந்த விமானமாக இருந்தாலும் சரி, பசைப் பாட்டிலைத் திறப்பதற்கு முன் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சிறிய எண்ணை ஒருமுறை படித்துவிடுங்கள்.